பத்து வயதுப் பிள்ளையைக் கைது செய்வதா தீர்வு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் நடக்கும் சிறார் குற்றங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குயின்ஸ்லாந்து மாநில அரசு 2024 டிசம்பரில் கொண்டுவந்த, சில கடுமையான குற்றங்களுக்குச் சிறாருக்கும் பெரியவர்களின் தண்டனையையே விதிக்கும் 'பெரியவர் குற்றத்துக்குப் பெரியவர் தண்டனை' சட்டத்தைக் கட்டுரையாளர் வரவேற்றிருக்கிறார். பூர்வகுடிப் பிள்ளைகள் அதிகமாக அடைபட்டிருப்பதற்கு அவர்கள் அதிகம் குற்றம் செய்வதும், பெற்றோர் கண்டிக்காததும், சட்டம் இளகிப்போனதும்தான் காரணம் என்று முடித்திருக்கிறார். சிட்னியில் பல வருடங்களாகக் குடியிருப்பவள் நான். இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார் திருட்டும் வீடு புகுந்து திருடுவதும் நடக்கத்தான் செய்கின்றன. எங்கள் வென்ட்வர்த்வில் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி யாராவது ஒரு சிசிடிவி காட்சியைப் போடுகிறார்கள். இரவில் சத்தம் கேட்டால் எழுந்து கதவைப் பார்த்துவிட்டு வந்து படுக்கும் முதியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்தை வைத்து ஓர் இனத்துப் பிள்ளைகள் மேலேயே பழியைப் போட்டுவிடலாமா?

கட்டுரை பெரிதும் நம்பியிருப்பது ஓர் எண்ணை. ஆஸ்திரேலியாவில் 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் பூர்வகுடிகள் சுமார் 6 சதவீதம். தடுப்பு மையங்களில் இருப்பவர்களில் அவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம். எண் சரிதான். ஆனால் அது எப்படி உருவாகிறது என்பதைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதிலேயே தன் வாழ்நாள் ஆய்வைச் செலவிட்டவர் குற்றவியலாளர் கிறிஸ் கனீன். 1987இல், எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கில், போர்க், பிரிவாரினா போன்ற ஊர்களில் குற்ற நீதி எப்படி நடக்கிறது என்று இன்னொருவருடன் சேர்ந்து ஆராய்ந்து எழுதினார். 1990இல், இனவெறி வன்முறை பற்றிய தேசிய விசாரணைக்காகப் பூர்வகுடிச் சிறாரிடமே பேசி, போலீஸ் அவர்களை எப்படி நடத்துகிறது என்பதைப் பதிவு செய்தார். அடித்தார்கள், உதைத்தார்கள் என்று சொன்னவர்களே அதில் பெரும்பாலோர். அவர் பூர்வகுடி அல்ல. பூர்வகுடிக் குடும்பங்களும், 1970இல் ரெட்ஃபர்னில் தொடங்கிய பூர்வகுடிச் சட்ட உதவி அமைப்பும் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் ஆய்வாக எடுத்து வைத்தார்.

அவர் சொல்வதை ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். பதிமூன்று வயது, சின்ன ஊர், சாயங்காலம் நண்பர்களுடன் கடைத்தெருவில் நிற்கிறான். ரோந்து வண்டி வந்து நிற்கிறது. பெயர் என்ன, எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். இதே கேள்வியை முந்தின நாளும் கேட்டிருக்கிறார்கள். பையன் எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிடுகிறான். அது ஒரு குற்றம். கையைப் பிடிக்கிறார்கள், உதறுகிறான். கைதுக்கு முரண்டு பிடித்தது இரண்டாவது குற்றம். உதறியதில் கை பட்டுவிட்டால் போலீஸைத் தாக்கியது மூன்றாவது குற்றம். இந்த மூன்று வழக்குகளும் ஒன்றாகவே வரும் என்பது இங்குள்ள வழக்கறிஞர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ரோந்து வண்டி வந்து நிற்கும் வரை அங்கே எந்தக் குற்றமும் இல்லை.

அப்புறம் போலீஸ் முடிவு செய்ய வேண்டும். எச்சரித்து அனுப்பலாம், சம்மன் கொடுக்கலாம், கைது செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு கட்டத்திலும் கடுமையான வழிதான் பூர்வகுடிப் பிள்ளைக்கு அதிகம் வாய்க்கிறது என்று கனீனின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஜாமீன் கிடைத்தாலும் இத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், இன்னாரோடு சேரக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். பாட்டி வீட்டிலும் அத்தை வீட்டிலும் மாறி மாறித் தங்கும் பையன் அதை மீறாமல் எப்படி இருப்பான்? மீறினால் மறுபடி கைது. அடுத்த முறை நீதிபதி முன்னால் போகும் தாளில் 'ஏற்கெனவே பல வழக்குகள்' என்று இருக்கும். அந்த 60 சதவீதத்துக்குள் இதெல்லாம் அடங்கியிருக்கிறது.

பெற்றோர் கண்டிக்கவில்லை என்ற வரிதான் என்னை மிகவும் வருத்தியது. என் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது பாரமட்டா. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் கவர்னர் மக்குவாரி 1814இல் அறிவித்து, அடுத்த மாதமே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை அங்கே தொடங்கினார். ஆண் பிள்ளைகள் 16 வயது வரையும் பெண் பிள்ளைகள் 14 வயது வரையும் அங்கேயே இருக்க வேண்டும், பெற்றவர்கள் வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது என்பது விதி. 1915இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத்துக்கே போகாமல் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகும் அதிகாரத்தை அரசு வாரியத்துக்குக் கொடுத்தது. அந்த வாரியம் 1969 வரை வேறு வேறு பெயர்களில் இயங்கியது. காவலில் நடந்த பூர்வகுடி மரணங்களை ஆராய்ந்த அரச ஆணையம் 1991இல் அறிக்கை தந்தது. அது எடுத்துக்கொண்ட 99 மரணங்களில் 43 பேர் சிறு வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். தாயையும் பிள்ளையையும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தது அரசு. அதை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்து ஏன் வளர்க்கவில்லை என்று கேட்பது நியாயமா?

பிள்ளை மறுபடி குற்றம் செய்வானா என்று கணிக்க அதிகாரிகள் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். குடும்பம் உடைந்ததா, பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டானா, நண்பர்கள் யார் என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். கனீன் இதைக் கடுமையாக விமர்சிக்கிறார். வெள்ளையரின் குடியேற்ற ஆட்சி செய்து வைத்ததெல்லாம் அந்தத் தாளில் பிள்ளையின் குறையாக மாறிவிடுகிறது. நியூசிலாந்தின் மாவோரிக் குற்றவியலாளர் யுவான் டோரியுடன் சேர்ந்து 2016இல் அவர் எழுதிய நூலின் அடிநாதமும் இதுதான். பூர்வகுடிகளை ஆராயும் பொருளாகவே பார்த்து வந்த குற்றவியல், அவர்களுடைய அறிவிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள் இருவரும்.

சட்டம் இளகிப்போனதா? 1997இல் ஆஸ்திரேலியாவின் வட பிராந்திய அரசு, தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விடாத கட்டாயத் தண்டனைச் சட்டம் கொண்டுவந்தது. பேனா, பெயின்ட் போன்ற சில்லறைப் பொருள்களைத் திருடியதற்காக 28 நாள் அடைக்கப்பட்ட 15 வயதுப் பையன், 2000ஆம் ஆண்டு டார்வினில் உள்ள டான் டேல் சிறார் தடுப்பு மையத்தில் இறந்தான். அதே மையத்தில் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் 2016 ஜூலையில் தொலைக்காட்சியில் வந்தபோது நாடே அதிர்ந்தது. மறுநாளே அரச ஆணையம் அறிவிக்கப்பட்டது. டான் டேலை மூடுங்கள், குற்றப் பொறுப்புக்கான வயதை, அதாவது பிள்ளை மேல் வழக்குப் போடக்கூடிய குறைந்தபட்ச வயதை, 12 ஆக்குங்கள் என்று ஆணையம் 2017இல் சொன்னது. வயது 2023இல்தான் 12 ஆனது. 2024இல் ஆட்சி மாறியதும் மறுபடி 10 ஆகிவிட்டது. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு குறைந்தது 14 என்கிறது.

பூர்வகுடிகளுக்கென்று கொண்டுவரும் நல்ல திட்டங்களையும் கனீன் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. நியூசிலாந்தின் 1989 சட்டத்தில் வந்தது குடும்பக் கூட்டம்; குற்றம் செய்த பிள்ளையும் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசித் தீர்வு காணும் முறை அது. அதைப் பார்த்து, 1991இல் எங்கள் மாநிலத்து வாகா வாகா ஊரில் இங்கேயும் தொடங்கினார்கள். ஆனால் கூட்டத்தை நடத்தியது போலீஸே. யாரை அனுப்புவது என்ற முடிவு போலீஸிடம் இருக்கும்போது அதைப் பூர்வகுடிகளின் கையில் இருக்கும் நீதி என்று எப்படிச் சொல்வது என்று 1990களிலேயே கேட்டார் அவர். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த நேர்மைதான்.

போர்க் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே 2013 வாக்கில் பூர்வகுடி மக்களே முன்னின்று 'மரங்குகா' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் எங்கே முதலில் சிக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது அதில் ஒன்று. பேருந்து வசதி இல்லாத ஊரில், சொல்லிக்கொடுக்க ஆளும் வண்டியும் இல்லாமல் லைசென்ஸ் எப்படி எடுப்பது? ஆகவே ஓட்டுநர் பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். போலீஸையும் கூட்டத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். சிறார் மீதான வழக்குகள் குறைந்ததாக 2018இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தடுப்பு மையங்களில் உள்ள பூர்வகுடிச் சிறாரின் விகிதத்தை 2031க்குள் 30 சதவீதமாவது குறைப்போம் என்று எல்லா மாநிலங்களும் கையெழுத்திட்டிருக்கின்றன. அடைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்ட குயின்ஸ்லாந்தும் அதில் ஒன்று. எங்கள் நியூ சவுத் வேல்ஸில் குற்றப் பொறுப்புக்கான வயது இன்னும் 10. நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கைது செய்யலாம்.

தங்கள் இதழை இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள் நிறையப் பேர் வாசிக்கிறார்கள். தேர்தலில் வேட்பாளர்கள் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வரும்போது அவர்களிடம் இந்த வயதைப் பற்றிக் கேட்கக்கூடியவர்கள். இந்த வாசகர்கள் மறுபக்கத்தையும் படிக்க, வரும் இதழ்களில் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். அதைப் பூர்வகுடி வழக்கறிஞர் ஒருவரிடமே எழுதி வாங்கித் தமிழாக்கி வெளியிட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ந. ம.,
வென்ட்வர்த்வில், சிட்னி