நம் அன்பியச் சகோதரியின் கீமோ: செவ்வாய் முதல் நாம் செய்ய வேண்டியவை

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

நம் அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) சகோதரிக்கு வரும் செவ்வாய் காலை 9 மணிக்கு அடுத்த கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை). அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

1. கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாள் வரை நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். சாதாரணச் சளிகூட அவருக்கு ஆபத்து. அதனால் யாரும் நேரில் போக வேண்டாம். உங்கள் வீட்டில் அம்மை, காய்ச்சல் என்றால் அவர் பிள்ளைகளையும் அழைக்காதீர்கள்.

2. மதியச் சாப்பாடு 12 மணிக்குள் வாசலில் வைத்தால் போதும். நன்றாக வெந்ததாக, சூடாக இருக்கட்டும். தாளிப்பு வாசனை குமட்டுகிறதாம். குழைந்த சாதமும் ரசமும் இறங்குகிறது. பச்சடி, நறுக்கிய பழம் வேண்டாம்.

3. பெரியவனை ஞாயிறு புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்புக்கு அழைத்துப்போக ஆள் தேவை. அவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான்.

4. இரவு 7.30க்கு அவர் படுத்தபடியே ஜெபமாலை சொல்கிறார், சின்னவள் மணி தள்ளுகிறாள். அதே நேரம் நாமும் வீட்டிலிருந்தே சொல்வோம்.

அப்புறம், ‘இது கடவுளின் சோதனை’ என்றோ நாட்டு மருந்து சொல்லியோ அவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். மனசு நோகிறது.

எந்த நாள் சாப்பாடு, வகுப்புக்கு யார் என்று சனி இரவு 9க்குள் இங்கேயே பதில் போடுங்கள்.