ஏதென்சில் எல்லோருமா வாக்களித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில், ‘ஏதென்ஸ் மக்கள் அனைவரும் தேர்தலில் வாக்களித்து ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான்.

பழங்கால கிரேக்க நகர அரசான ஏதென்சில் பெண்களுக்கு வாக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. அங்கேயே குடியிருந்து, ஆண்டுக்கு 12 திராக்மா (அக்கால வெள்ளிக் காசு) வரி கட்டி, அந்த நகரத்துக்காகப் போருக்கும் போன வெளியூர்க்காரர்களுக்கும் இல்லை. ஸ்டாகிரா என்ற வேற்றூரில் பிறந்த தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் ஏதென்சில் பள்ளியே நடத்தினார். பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் மன்றத்தில் கை தூக்க அவருக்கும் உரிமை கிடையாது. கி.மு. 451இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் மகனுக்குக் குடியுரிமை. மகனுக்கு உரிமை தர அந்தத் தாய் வேண்டும், அவளுக்கு மட்டும் வாக்கு கூடாது! இதையெல்லாம் நீங்கள் அறியாதவரல்ல. அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

ஆட்சியாளர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் சொல்வதும் சரியில்லை. பத்துத் தளபதிகளையும் வேறு சிலரையும்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 500 பேர் கொண்ட சபை உட்பட மற்ற பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். நீதிமன்றத்துக்கு ஆள் எடுத்த குலுக்கல் கல்லின் உடைந்த துண்டை ஏதென்சின் பழைய சந்தைத் திடலான அகோராவின் அருங்காட்சியகத்தில் நானே பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக மெல்லிய கீறல் துளைகள். அவரவர் பெயர் பொறித்த வெண்கலத் தகட்டை அதில் செருகிவைப்பார்கள். பக்கத்துக் குழாயில் கருப்பு, வெள்ளை உருண்டைகளைப் போடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அன்றைக்கு நீதி வழங்கப் போகும், கருப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகும். பணக்காரனும் பேச்சுக்காரனும் பதவிகளை வளைத்துப்போடாமல் இருக்கக் கண்ட வழி இது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சுவையான செய்தி உண்டா? அதை விட்டுவிட்டு, எல்லாப் பதவிக்கும் தேர்தல் என்பதுபோல ஏன் எழுத வேண்டும்?

இது முதல் தடவையும் இல்லை. ஏதென்சின் பார்த்தினான் கோயிலைப் பற்றிய கட்டுரைக்கு ரோமாபுரியின் கொலோசியம் படத்தைப் போட்டீர்கள். தத்துவ அறிஞர் சாக்ரடீசுக்கு அரசன் நஞ்சு கொடுத்தான் என்று இன்னொரு முறை எழுதினீர்கள். கி.மு. 399இல் ஏதென்சில் அரசன் ஏது ஐயா? குலுக்கலில் வந்த நூற்றுக்கணக்கான குடிமக்கள் அல்லவா அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள்? முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலையாகியிருப்பார் என்று அவர் மாணவர் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். மக்களாட்சியே ஒரு நல்ல மனிதரைக் கொன்றது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அப்போதே கடிதம் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

நாங்கள் பிள்ளைகளிடம் உங்கள் பத்திரிகையைப் படிக்கச் சொல்கிறோம். என்னிடம் படித்த ஒரு பெண், ஏதென்சில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்று ஒரு கட்டுரைப் போட்டியில் எழுதினாள். ‘எல்லோரும் வாக்களித்தார்கள் என்று பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே’ என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ‘டீச்சர், நான் எழுதினது தப்பா?’ என்று கலங்கிய கண்ணோடு வந்து நின்றாள். அச்சில் வந்ததை எதிர்த்து அந்தக் குழந்தை யாரிடம் போய் வாதாடும்?

அடுத்த இதழில் அதே மாணவர் பகுதியில் நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரர்கள் மூவரையும் குறிப்பிட்டு, குலுக்கலைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் போதும். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.