எட்டு கஜக் கம்பளி

இன்வர்னெஸ்
ஜூன் கடைசி

அன்புள்ள சம்பத்,

நீ அனுப்பியதற்கெல்லாம் கட்டைவிரல் பொம்மையை மட்டும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த பாவிதான் எழுதுகிறேன். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராஜன் சொன்னான். பிசியோதெரபிக்காரரை ஏமாற்றாதே, உன்னைப் பற்றித் தெரியும். மாலதி நலம். என் சர்க்கரை ஒருவிதமாக நலம். குசலம் முடிந்தது.

விஷயம் என்னவென்றால், என் பிள்ளை கவின் கில்ட் கட்டினான். அதுதான், இந்த ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டுகிற கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடை.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ப்ராம்’ என்று ஒரு ராத்திரி விருந்து வைப்பார்கள். பெண்கள் நீள கவுனில் வருவார்கள். பையன்களில் பாதிக்கு மேல் கில்ட்தான். எல்லாம் வாடகைக் கடைச் சரக்கு. நான் காரோட்டியாகப் போனேன். இடுப்பை அளந்த அம்மாள், “குடும்ப டார்ட்டன் ஏதாவது உண்டா, கண்ணு?” என்று வழக்கமாக எல்லோரையும் கேட்பதைக் கேட்டாள். டார்ட்டன் என்றால் கில்ட்டுக்கான கட்டம்போட்ட துணி, குலத்துக்கு ஒரு கட்டம் என்று பேச்சு. இவன் அலட்டிக்கொள்ளாமல் “இல்லை” என்றான். எனக்குத்தான் சுருக்கென்றது. “அதனாலென்ன, யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்கிற வகை இருக்கிறது” என்று ஓர் அடுக்கைக் காட்டினாள். அவன் எடுத்தது ‘பிளாக் வாட்ச்’. கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. அது என்ன துணி என்று பிறகு சொல்கிறேன், அங்கேதான் கூத்து.

முதலில் நெசவு. அதைச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய். நெருக்கமான சாய்வு நெசவு: இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே, வரிசைக்கு வரிசை ஓரிழை தள்ளி. பாவின் நீள இழையில் நிறம் எந்த வரிசையில் ஓடுகிறதோ அதே வரிசைதான் ஊடையின் குறுக்கிழையிலும். பச்சைப் பாவைப் பச்சை ஊடை வெட்டுகிற இடத்தில் முழுப் பச்சை. நீல ஊடை வெட்டினால் இரண்டுமில்லாத ஒன்று. மூன்று சாயத்தை வைத்துக்கொண்டு ஆறு நிறம் காட்டிவிடுகிறான். முழுசாகத் தைத்த கில்ட்டுக்கு எட்டு கஜம் போகும். உங்கள் வீட்டுத் தறியில் இறங்கிய மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைச்சல்! முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டைப் பட்டைகள். கொசுவம் முழுக்கப் பின்பக்கம். மடித்துத் தைத்த பிறகும் விரித்த துணியில் இருந்த அதே கட்டம் தப்பாமல் தெரிய வேண்டும். அதற்காகக் கையாலேயே தைக்கிறார்கள். பட்டாளத்துத் தையலில் மட்டும் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வந்து நிற்கும். உன் அப்பா இருந்திருந்தால் கொசுவத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாளை விட்டிருப்பார்.

மேல்பட்டையில் ஓர் ஊக்கு குத்தவேண்டும். கீழ்ப்பட்டையையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழிந்துவிடும் என்று இருமுறை எச்சரித்தாள். வயிற்றுக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் என்கிற பை, கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதற்காக. சாக்ஸில் செருகும் குறுங்கத்தியும் உண்டு. வாடகைச் சரக்காதலால் பிளாஸ்டிக் பிடி மட்டும்தான், கத்தி இல்லை. கவினுக்கு அதில் மட்டும்தான் ஏமாற்றம்.

அன்றையிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்லோடன் போர்க்களம் வீட்டிலிருந்து காரில் சிறிது தூரம்தான். இத்தனை வருஷமாக விருந்தாளிகளைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துத் திரும்புகிற இடமாகவே இருந்தது. இப்போது தனியாகப் போய் நிற்கிறேன். மாலதி இதை ‘கில்ட் காய்ச்சல்’ என்கிறாள். கொஞ்சம் பொறுத்துக்கொள், உனக்கும் தொற்ற வைக்கிறேன்.

ஆதியில் இது பாவாடையே இல்லையடா. உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்ளும் பெரிய கம்பளிப் போர்வை. தறியின் அகலம் போதாமல் இரண்டு பட்டைகளை இணைத்துத் தைத்தது. தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து இடைவாரை இறுக்கிக்கொண்டு எழுவார்களாம். கீழ்ப்பாதி முழங்கால்வரை தொங்கும். மேல்பாதியைத் தோளில் மாட்டலாம், மழைக்குத் தலையில் போடலாம், ராத்திரி மலையில் அதிலேயே சுருண்டு தூங்கலாம். இப்படி ஆட்கள் இருந்ததற்கான எழுத்துச் சாட்சி 1594-இல் இருக்கிறது, இந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து அயர்லாந்துக்குக் கூலிப்படையாகப் போனவர்களைப் பற்றி. மாடு மேய்க்கிறவன், சண்டைக்குப் போகிறவன், இரண்டும் செய்கிறவன் கட்டிய துணி. தெற்கே எடின்பரோவில் இருந்த கனவான்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள். மலைக்காரன் என்றாலே திருடன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

அப்புறம் மேல்பாதி போய்விட்டது. யார் வெட்டினார்கள் என்பதில் இங்கே கைகலப்பே வரும். தாமஸ் ராலின்சன் என்று ஓர் இங்கிலாந்துக்காரர், குவேக்கர் மதப்பிரிவு, லங்காஷயரிலிருந்து வந்து 1720-களின் கடைசியில் கிளென்கேரியின் காட்டைக் குத்தகைக்கு எடுத்து இரும்பு உருக்கினார். மரம் வெட்டுகிறவர்களுக்கும் உலைக்காரர்களுக்கும் போர்வை இடைஞ்சலாக இருக்கிறதென்று, இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்து மடிப்பைத் தைத்துவிடச் சொன்னாராம். அவரும் கட்டினார், கிளென்கேரித் தலைவரும் கட்டினார், ஊரும் கட்டியது என்று 1785-இல் அச்சான ஒரு கடிதம் சொல்கிறது. வரலாற்றாசிரியர் ட்ரெவர்-ரோப்பர் இதை எடுத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தின் புராதன உடையை ஓர் இங்கிலாந்துக்காரன் கண்டுபிடித்தான் என்று நக்கலடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன்பே அரைக்குக் கீழே மட்டும் கட்டியவர்கள் படங்களில் இருக்கிறார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இடைவாருக்கு மேலே உள்ளதைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாம் என்று எவனுக்கும் தோன்றும். அதற்கு ஒரு குவேக்கர் தேவையில்லை. மடிப்பைத் தைத்து நிறுத்தலாம் என்ற யோசனைக்கு வேண்டுமானால் அவருக்கு ஒரு மாலை போடுவோம்.

பிறகு 1746 ஏப்ரல் 16. கல்லோடனில் சண்டை ஒரு மணிநேரம்கூட நீடிக்கவில்லை. தன் குடும்பத்துக்கு அரியணையை மீட்கக் கிளர்ச்சி செய்த இளவரசன் சார்லஸ் பக்கம் நின்ற மலைக்காரர்களில் ஆயிரத்துக்கும் மேலே செத்தார்கள். அந்த ஆண்டே லண்டன் சட்டம் போட்டது: ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி உடையை ஆணோ சிறுவனோ உடுத்தக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் கடல்கடத்தல். மெஸ்ஸுக்குள் கைலி கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிய நம் வார்டனுக்கு இதெல்லாம் தெரியாமல் போனது உன் அதிர்ஷ்டம்.

சட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. பட்டாளத்துக்காரனுக்கு விலக்கு. ஊரில் கட்டினால் ஜெயில், அரசனுக்காகத் துப்பாக்கி தூக்கினால் அதே துணியை அரசாங்கமே தரும். கவின் பொறுக்கிய பிளாக் வாட்ச் இருக்கிறதே, அது அந்த அரசாங்கத் துணிதான். 1725-இல் மலைக்காரர்களைக் கண்காணிப்பதற்கென்றே, அரசுக்கு விசுவாசமான குலங்களிலிருந்து ஆள் எடுத்துக் கிளப்பிய காவல்படை அது. 1739-இல் ரெஜிமெண்ட் ஆனது. அடக்கப்பட்டவனின் உடை என்று நாம் உருகுகிறோம். பிள்ளை போலீஸ்காரன் துணியைக் கட்டிக்கொண்டு நடனமாடப் போகிறான். காரில் வரும்போது இதை முழுக்க அவனுக்குச் சொன்னேன். “கலர் நல்லாருக்குப்பா” என்றான்.

இப்போது உன் ஊர் வருகிறது, நிமிர்ந்து உட்கார். கல்லோடனுக்கு முன்னாலேயே பிடிபட்டு மரண தண்டனைக்குப் பயந்து நின்றவர்களில் ஜான் மெக்கன்சி, மெக்லியோட் பிரபு, ஒருவர். கிளர்ச்சிக்காரன் மகன், தானும் கிளர்ச்சிக்காரன். மன்னிப்பு கிடைத்தது, சொத்து போனது. ஸ்வீடன் ராணுவத்தில் காலம் தள்ளிவிட்டு 1777-இல் திரும்பி வந்து, தான் எதிர்த்த அரசனுக்காகவே மலைக்காரர்களைச் சேர்த்து ஒரு ரெஜிமெண்ட் கட்டினார். கூலியாகச் சொத்தும் பின்னால் திரும்பி வந்தது. அந்த 73-ஆம் ரெஜிமெண்ட் 1780 ஜனவரியில் மதராஸில் இறங்கியது. செப்டம்பரில் அதன் இரண்டு பிரிவுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியோடு சேர்ந்து போனது எங்கே தெரியுமா? புள்ளலூர்! நாம் சைக்கிளில் போய் மாட்டிக்கொண்ட அதே புள்ளலூர். ஹைதரும் திப்புவும் அந்தப் படையை அழித்தே விட்டார்கள். வயலுக்கு நடுவே நாம் பார்த்த கூம்புத் தூண்கள் மறு ஆண்டுச் சண்டையில் செத்த அதிகாரிகளுடையவை. முதல் சண்டையில் பிடிபட்ட கேப்டன் டேவிட் பெயர்ட் மூன்றரை வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்தார். கைதிகளை இருவர் இருவராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவருடைய அம்மா, “எங்கள் டேவியோடு கட்டப்பட்டவன் பாவம்” என்றாளாம். (வார்டன் உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசிய அன்று உன் அறைத் தோழனைப் பற்றி அவள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.)

தடை 1782-இல் நீங்கியது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தலைமுறை கால்சட்டைக்குப் பழகிவிட்டது. ஏழை திரும்பிக் கட்டவில்லை. கட்டியது யார்? இதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். ராலின்சனோடு கூட்டு வைத்த அதே கிளென்கேரி வம்சத்தில் அலாஸ்டர் மெக்டோனல் என்று ஒருவர். 1815-இல் ‘உண்மையான மலைக்காரர்கள்’ சங்கம் தொடங்கினார். முழு டார்ட்டனில் அவர் நிற்கிற படத்தை ரேபர்ன் வரைந்திருக்கிறார், எடின்பரோ கேலரியில் மாட்டியிருக்கிறது, பார்த்தால் மயங்குவாய். அந்த மனிதரின் நிலத்திலிருந்து குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆட்டுக்கு விட்டார்கள். அந்த வம்சத்து நிலங்களிலிருந்து கப்பலேறியவர்கள் கனடாவில் கிளென்கேரி என்றே ஒரு மாவட்டம் வைத்துக்கொண்டார்கள். உடையை வைத்துக்கொண்டு, உடுத்தியவனை அனுப்பிவிட்டார்கள் சம்பத். போர்வையில் தூங்கியவன் கடல்தாண்டிப் போக, போர்வை மட்டும் சட்டம்போட்ட படத்தில் நிற்கிறது.

1822-இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்தான் விழா நிர்வாகி. மன்னர் கில்ட்டுக்குக் கீழே தோல்நிறக் காலுறை மாட்டிக்கொண்டு நின்றார். மொத்த அலங்காரத்துக்கும் பில் 1,354 பவுண்ட். கில்ட் ரொம்பக் குட்டையாக இருக்கிறதே என்று யாரோ முணுமுணுக்க, “இருக்கப்போவதோ கொஞ்ச நாள், முடிந்தவரை அதிகமாகப் பார்த்துக்கொள்வோம்” என்றாள் ஒரு சீமாட்டி. அந்த விருந்துக்கு ஓடிவந்து டார்ட்டன் கேட்ட கனவான்களுக்காக பானக்பர்னில் வில்சன் கம்பெனித் தறிகள் ராப்பகலாக ஓடின. குலத்துக்கு ஒரு கட்டம் என்பதெல்லாம் அந்தச் சூட்டில் பிடித்த பழக்கம். 1842-இல் இரண்டு சகோதரர்கள், தாங்கள் இளவரசன் சார்லஸின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்தது என்று குல டார்ட்டன் புத்தகமே போட்டார்கள். சுவடியை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அதிலிருந்த கட்டங்களை இன்றும் பல குடும்பங்கள் பெருமையாகக் கட்டுகின்றன.

இப்போது புரிகிறதா, கடையில் எனக்குச் சுருக்கென்றது எவ்வளவு அபத்தம் என்று? ஆனால் புரிந்தும் பயம் போகவில்லை. ஸெப்டம்பரில் அவன் கிளாஸ்கோவில் படிக்கப் போகிறான். எவனாவது குடித்துவிட்டு, உனக்கென்னடா கில்ட் என்று கேட்டால்? பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வாய்விட்டே கேட்டேன். காட்டிலாகாவில் இருந்து ரிடையரானவர். “எங்க அப்பா பட்டாளத்துல மட்டும்தான் கட்டினார். முதல் உலகப் போர்ல கொசுவத்துக்குள்ள பேன், சேத்துல நனைஞ்ச ஓரம் உறைஞ்சு முழங்காலை அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் தொடவே இல்லை. நான் சூட்டுல கல்யாணம் பண்ணினேன். என் பேரன் கில்ட்ல பண்ணினான். ஆம்பிளைக்கு அலங்காரம் பண்ணிக்க வேற சாக்கு ஏது?” என்றார். குடிகாரன் விஷயத்தைப் பற்றிக் கேட்டேன். “கேட்பான். என்னையும் கேட்டிருக்கான், தீவுக்காரன் ஒருத்தன், நீ மலைக்காரனே இல்லைன்னு” என்று கதவைச் சாத்திக்கொண்டார். முழு ஆறுதல் என்று சொல்லமாட்டேன்.

கல்யாணம், பட்டமளிப்பு, மரணச் சடங்கு, ஹாம்டன் பார்க்கில் கால்பந்து, இன்று இவ்வளவுதான் அதன் வேலை. ஆண்கள் கூட்டமாகக் கட்டும்போது அதில் யார் மலை, யார் சமவெளி, யார் நேற்று வந்தவன் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ப்ராம் வாசலில் ஒரு பாகிஸ்தானியப் பையனும் போலந்துப் பையனும் கவினுக்கு ஊக்கைச் சரிசெய்து கொண்டிருந்தார்கள். மூவருக்குமே வாடகைத் துணி, மூவருக்குமே பிளாக் வாட்ச். போட்டோ ராஜனுக்கு அனுப்பாதே, வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவான்.

இப்போது சொந்தமாக ஒன்று தைக்கவேண்டும் என்கிறான். விலையைக் கேட்டுவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். மாலதி இன்னும் ஒரு படி மேலே போய், டிசம்பரில் ராஜன் மகள் கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வரட்டும் என்கிறாள். எட்டு கஜக் கம்பளி, காஞ்சிபுரம் மண்டபம், மூன்றாவது பந்தி. நீ அங்கே இருப்பாய் என்ற தைரியத்தில்தான் சரி என்று சொல்லியிருக்கிறேன். பின்பக்கத்துக் கொசுவத்தோடு தரையில் எப்படி உட்காருவது என்று உன் தம்பியிடம் யோசித்து வைக்கச் சொல்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
முரளி