ஹைட்ரஜன் லாரி விற்பவர்களுக்கு: முதலில் எரிபொருளுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்

ஹைட்ரஜன் கனரக லாரிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஹைட்ரஜன் லாரி நிறுவனமான நிக்கோலா திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதே காலத்தில் அதே துறையைச் சேர்ந்த ஹைசானும் கலைக்கப்பட்டது. ஜூலையில் வாகனத் தயாரிப்பு நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் தன் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தைக் கைவிட்டது. சந்தை இன்னும் பக்குவப்படவில்லை என்பதே இதற்கெல்லாம் சொல்லப்படும் காரணம். வாங்குபவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலகினார்கள் என்கிறோம் நாங்கள்.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருப்பது சுமார் 33 யூனிட் ஆற்றல். மின்பகுப்பு முறையில், அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, அதைத் தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. அழுத்தி, குளிர்வித்து நிரப்புவதையும் சேர்த்தால் 60 யூனிட்டை நெருங்கும். 40 டன் லாரி 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ குடிக்கும். அதாவது 480 யூனிட். அதே பாரத்தை இழுக்கும் பேட்டரி லாரிக்கு, சார்ஜ் செய்கையில் வீணாவதையும் சேர்த்து, 140 யூனிட் போதும். டீசல் லாரி அதே தூரத்துக்கு 30 லிட்டர் எடுக்கும் என்று வையுங்கள். அப்படியானால் ஒரு கிலோ ஹைட்ரஜன் ஈடுகட்டுவது நான்கு லிட்டருக்கும் குறைவான டீசலைத்தான். கிலோ விலை அந்த டீசலின் விலையைத் தாண்டினால், வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். உங்கள் விற்பனைக் கையேடுகளில் இந்த ஒரு வரி ஏன் இல்லை?

நிரப்பும் நிலையத்துக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் இடறுவது இங்கேதான். 200 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) அழுத்தத்தில் உருளைகளை ஏற்றிவரும் ட்ரெய்லர் கொண்டுவருவது 300 முதல் 400 கிலோ. 400 கிலோமீட்டர் ஓட லாரிக்குத் தலா 32 கிலோ என்றால் பத்து லாரியோடு தீர்ந்துவிடும். டீசல் டேங்கர் ஒன்றோ, அதே தூரம் ஓட 250 லாரிகளுக்கு ஊற்றும். அடுத்தடுத்து லாரிகள் வந்து நிற்கும்போது சேமிப்புக் கலன்களின் அழுத்தம் இறங்கிவிடும், கம்ப்ரசர் ஈடுகொடுக்காது. நான்காவது ஐந்தாவது வண்டி அரைத் தொட்டியோடு கிளம்பும். இல்லையேல் காத்துக் கிடக்கும். கம்ப்ரசரில் வாயுவை அழுத்தும் மெல்லிய தகடான டயாஃப்ரமும், கசிவைத் தடுக்கும் சீல்களும் அடிக்கடி பழுதாகும் பாகங்கள். மாற்றுக் கம்ப்ரசர் இல்லாத நிலையத்தில் ஒரு சீல் போனால் முழு வண்டிப்படையும் நின்றுவிடும். பத்து நிமிடத்தில் நிரப்பலாம் என்ற உங்கள் விளம்பரம் முதல் வண்டிக்கு மட்டுமே பொருந்துகிறது.

பாதுகாப்பும் விற்பனையோடு சேர்ந்ததுதான். 2019 ஜூனில் நார்வேயின் சாண்ட்விகா ஹைட்ரஜன் நிலையம் வெடித்ததற்குக் காரணம், உயரழுத்தக் கலனின் மூடியில் சில போல்ட்டுகள் உரிய அளவுக்கு முறுக்கப்படாததே. அதன்பின் டொயோட்டாவும் ஹூண்டாயும் அந்நாட்டில் ஹைட்ரஜன் கார் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தின. போல்ட் முறுக்கிய பதிவேட்டை வாடிக்கையாளர் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள்.

வண்டியிலும் மறைக்கக்கூடாதவை உண்டு. டீசல் எஞ்சின் வெப்பத்தின் பெரும்பங்கைப் புகைக்குழாய் வழியே தள்ளிவிடும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூல் செல் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் இயங்குவதால் கழிவு வெப்பம் ஏறக்குறைய முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போக வேண்டும். வெளிக்காற்று சூடாக இருக்கும் நாளில், முழு பாரத்தோடு நீண்ட மேடு ஏறும்போது அது போதாமல் ஆற்றல் குறைக்கப்படும். குளிர்விப்பு நீர் மின்சாரம் கடத்தாததாக இருக்க வேண்டும். அதற்கான அயனி வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்றாவிட்டால் மின்காப்பு எச்சரிக்கை வந்து வண்டி நிற்கும். எரிபொருளில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஹைட்ரஜனின் தூய்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14687-இன் விதி. கந்தகத்துக்கு வரம்பு அதைவிட மிகக் கடுமை. அசுத்தமான ஒரு லோடு ஃபியூல் செல் அடுக்கையே கெடுத்துவிட்டால், உத்தரவாதம் அந்தச் செலவை ஏற்குமா?

சுவிட்சர்லாந்தில் 2020 முதல் ஓடும் ஹூண்டாய் எக்ஸியன்ட் லாரிகளைப் பாருங்கள். எரிபொருளையும் பராமரிப்பையும் சேர்த்து, ஓடிய கிலோமீட்டருக்கு வாடகை என்பதே அங்கு கையாளப்பட்ட முறை. கனரக வாகன வரி விலக்கு அதற்குத் துணை நின்றது உண்மை. ஆனாலும் எரிபொருள் ஆபத்தை லாரி முதலாளியின் தலையில் கட்டவில்லை. ஹைட்ரஜன் தயாராகும் இடத்துக்கே தினமும் திரும்பி வரும் வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு இன்றும் சரிப்படும் என்று நம்புகிறோம்.

எனவே, புரிந்துணர்வுக் கடிதங்களை விற்பனை என்று அறிவிப்பதை நிறுத்துங்கள். எத்தனை கிலோ ஊற்றப்பட்டது, நிலையம் எத்தனை மணி நேரம் முடங்கியது, பாரத்தோடு 100 கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவானது என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். வண்டி ஒப்பந்தத்தோடு ஐந்தாண்டு எரிபொருள் விலை ஒப்பந்தத்தையும் சேர்த்தே கையெழுத்துக்கு நீட்டுங்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜன் என்றால், கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதையும் அதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கனரக வாகன எரிபொருள் துறைப் பொறியாளர்கள்