"எத்தனையாவது ஸ்டேஜ்?" என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் பத்திரிகையின் வாழ்த்துப் பக்கத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்கு நடனம்) பழகும், ஸ்கேட்டிங் பூட்ஸ் போட்ட பிள்ளைகளின் படங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் படத்தின் கீழே "6 வயதிலேயே", "ஒரே வருடத்தில்" என்று ஒரு வரி போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்படியொரு வரிக்கு நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன், அதற்காக என் மகளைப் படாத பாடு படுத்தினேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரினாவில் பிள்ளைகள் பனியில் ஏறியதும் பெற்றோர் நாங்கள் படிகளில் போய் உட்காருவோம். அங்கே முதல் கேள்வியே "உங்கட பிள்ளை எத்தனையாவது ஸ்டேஜ்?" என்பதுதான். ஏதோ பள்ளிக்கூட வகுப்பு போல. அப்புறம் மூன்று மாதமாக அதே ஸ்டேஜில் நின்றால் "ஏன், கோச் சரியில்லையோ?" என்று அடுத்த கேள்வி வரும்.

நாட்டின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடா, புதிதாகப் பழகுபவர்களுக்காக நடத்தும் கேன்ஸ்கேட் திட்டம் அப்படி அமைக்கப்படவே இல்லை. 6 ஸ்டேஜ்கள் இருக்கின்றன, சரி. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஜுக்குள்ளும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பகுதிகள் தனித்தனியே ஓடுகின்றன. ஒரு பகுதி முடிந்தால் ஒரு ரிப்பன், மூன்று ரிப்பனும் சேர்ந்தால் அந்த ஸ்டேஜின் பேட்ஜ். திரும்புவதிலும் குதிப்பதிலும் கெட்டிக்காரப் பிள்ளை, வேகமாக வந்து சட்டென்று நிற்பதில் பின்தங்கியிருக்கலாம். அது தோல்வி இல்லை, எங்கே வேலை பாக்கி இருக்கிறது என்கிற தகவல், அவ்வளவுதான். தனியாகப் பரீட்சை நாள் என்று ஒன்றும் கிடையாது, வகுப்பு நடக்கும்போதே கோச் கவனித்துக் குறித்துக்கொள்வார். பெரிய குழுவாக நடந்தாலும் ஒரு கோச்சுக்கு 10 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஸ்டேஜ் 5 முடியும்வரை ஹொக்கி ஹெல்மெட் கட்டாயம் என்பதும் விதி. (ஹெல்மெட்டைக் கழற்றினால் படம் வடிவாக வரும் என்பதற்காகவே அவசரப்பட்ட பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருத்தி.)

கேன்ஸ்கேட் முடிந்து அடுத்த கட்டமான ஸ்டார்ஸ்கேட்டுக்குப் போனால்தான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. ஃப்ரீஸ்கேட் (குதிப்பும் சுழற்சியும்), டான்ஸ், ஸ்கில்ஸ் (வளைந்தும் திரும்பியும் சறுக்கும் பயிற்சி), ஆர்ட்டிஸ்டிக் என்று நான்கு பாதைகள், ஸ்டார் என்று எண் போட்ட படிநிலைகள், கடைசியில் கோல்ட். ஒரு பிள்ளை ஒன்றில் ஸ்டார் 4இலும் இன்னொன்றில் ஸ்டார் 2இலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். என் மகள் அப்படித்தான் இருந்தாள். குதிப்பதில் வேகமாக ஏறினாள், ஸ்கில்ஸில் இரண்டு தடவை "மீண்டும் முயற்சி" என்று தாள் வந்தது. இரண்டாவது தடவை நான் கோச்சிடம் நேரே போய், குதிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சும்மா வளைந்து வளைந்து போவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது, இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் பதில் சொல்லவில்லை. என்னைத் தடுப்புச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போய், மகள் அப்போதுதான் போட்டுவிட்டுப் போன கோட்டைப் பார்க்கச் சொன்னார். ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பாகம் கத்தி போலக் கூராக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, நடுவில் வாய்க்கால் போலக் குழிந்து, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்புகள். சரியாக ஒரு விளிம்பில் சாய்ந்து போனால் பனியில் ஒற்றைக் கோடு விழும், தட்டையாகப் போனால் இரட்டைக் கோடு. என் மகளின் த்ரீ டர்ன், அதாவது ஒற்றைக் காலில் முன்பக்கமிருந்து பின்பக்கமாகத் திரும்புவது, பனியில் ஆங்கில 3 போல விழ வேண்டியது, திரும்பிய பிறகு இரட்டைக் கோடாகக் கிடந்தது. படியில் இருந்து பார்த்தபோது அழகாகத்தான் தெரிந்தது. பனி வேறு கதை சொன்னது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் வரும் குதிப்புகள் எல்லாம் இந்த விளிம்புகளில்தான் நிற்கின்றன. ஃப்ளிப், லுட்ஸ் என்று இரண்டு குதிப்புகள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டிலும் பின்பக்கமாக வந்து பிளேடின் நுனிப் பல்லைக் குத்தித்தான் எழும்புவார்கள். ஃப்ளிப்புக்கு உள்விளிம்பு, லுட்ஸுக்கு வெளிவிளிம்பு, வித்தியாசம் அதுதான். வெளிவிளிம்பில் நிற்கப் பழகாத பிள்ளை லுட்ஸுக்கு வந்து கடைசி நொடியில் உள்ளே சாய்ந்துவிடும், ஆக அது குதித்தது லுட்ஸும் இல்லை, ஃப்ளிப்பும் இல்லை. பெரிய போட்டிகளில் இந்தப் பிழைக்குப் புள்ளி குறையும். இப்போதைய முறையில் குதிப்பு, சுழற்சி போன்ற ஒவ்வொரு அம்சத்துக்கும் அடிப்படைப் புள்ளி உண்டு, அதன் மேல் தரத்துக்காக -5 முதல் +5 வரை நடுவர்கள் தனியே கொடுப்பார்கள். 2002 சோல்ட் லேக் ஒலிம்பிக்கில் கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்லெட்டியே ஜோடிக்கு நடுவர் தீர்ப்பில் நடந்த கூத்துக்குப் பிறகுதான், 6.0 என்பதை உச்சப் புள்ளியாக வைத்த பழைய முறையை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். எட்டு வயதில் ஒட்டிக்கொண்ட தவறான விளிம்பைப் பதினைந்து வயதில் மாற்றுவது எவ்வளவு பாடு என்று எந்தக் கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு காலத்தில் இந்த விளையாட்டே கோடு கீறுவதுதான். வட்டங்களையும் எட்டுகளையும் பனியில் கீறி, நடுவர்கள் குனிந்து பார்த்துப் புள்ளி போட்டார்கள். உலகப் போட்டியில் அது கடைசியாக நடந்தது 1990இல், நம்முடைய ஹலிஃபாக்ஸில்தான். அதை எடுத்தது சரி என்றே நினைக்கிறேன், பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வரும். ஆனால் அந்தப் பயிற்சியின் சாரம்தான் இந்த ஸ்கில்ஸ் பாதையில் இருக்கிறது, நாங்கள் அதைத்தான் வேண்டாத பாடம் போல நடத்துகிறோம். 2011 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று வருடம் உலகப் பட்டம் வென்ற பேட்ரிக் சானைப் பாருங்கள். குடியேறிய பெற்றோரின் பிள்ளை, ரொறன்ரோவில் வளர்ந்தவர். அவருடைய விளிம்புகளைத்தான் உலகமே பாராட்டியது. சிறுவயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆஸ்போர்ன் கோல்சன் அடிப்படை விஷயத்தில் விடாப்பிடிக்காரர்.

திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்டார் 1 முதல் 5 வரை மதிப்பிடுவது கிளப்பின் கோச்தான், பெரும்பாலும் கற்றுக்கொடுப்பவரே. ஸ்டார் 6இலிருந்துதான் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். சின்னப் பிள்ளைகள் அறிமுகமில்லாத ஆளின் முன் நடுங்க வேண்டியதில்லை, அந்த வகையில் இது நல்லதுதான், ஆனால் தனி வகுப்புக்குக் காசு கொடுக்கும் பெற்றோர் நெருக்கினால் கோச் என்ன செய்வார்? என் மகளின் கோச் மசியவில்லை, எல்லாரும் அப்படி இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்று, அந்த மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு அம்சத்துக்கும் தனியாகக் குறிப்பு இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்று கிளப்பில் யாரும் பெற்றோருக்குச் சொல்லித் தருவதில்லை. வருடத் தொடக்கத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், படியில் உட்கார்ந்து நாங்கள் பேசும் முட்டாள் கதைகளில் பாதி நின்றுவிடும்.

சரி, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாழ்த்துப் படங்களைத் தாராளமாகப் போடுங்கள். வயதையும் "ஒரே வருடத்தில்" என்பதையும் எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை இந்த முறை புதிதாக என்ன செய்யப் பழகியது என்று ஒரு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள். என் மகளின் படம் ஒன்றும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஸ்கில்ஸ், மூன்றாவது முயற்சியில் தேறியது. "மூன்றாவது" என்பதை வெட்டிவிடாதீர்கள், அவளே போடச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரொறன்ரோ