அறுப்பின் பண்டிகையில் பிரசங்கிக்கப் போகும் ஆயர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு, தோத்திரம்.

இந்த வருடமும் 'அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்' என்ற வசனத்தைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாக எடுங்கள். ஆத்தும அறுவடையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வேதத்தில் வயல் வந்தால் உள்ளம், விதை வந்தால் வசனம், மழை வந்தால் எழுப்புதல் என்று உடனே மேலே ஏறிவிடுகிறீர்கள். கொஞ்ச நேரம் நிலத்தில் நிற்கக் கூடாதா? எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பல பேருக்கு நிலம்தான் பிழைப்பு.

பின்மாரியையே எடுத்துக்கொள்வோம். எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல் காலால் நீர் பாய்ச்சினீர்கள், இனிப் போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்று உபாகமம் 11-ல் மோசே சொல்கிறார். அக்டோபர், நவம்பரில் முன்மாரி விழுந்தால்தான் கோடை முழுக்கக் காய்ந்து இறுகிய அந்த மண்ணில் கலப்பை இறங்கும். மார்ச், ஏப்ரலில் பின்மாரி விழுந்தால்தான் கதிரில் மணி முற்றும். இரண்டில் எது பொய்த்தாலும் வீட்டில் தானியம் இருக்காது. இந்தக் காத்திருப்பைத்தான் யாக்கோபு தம் நிருபத்தில் நீடிய பொறுமைக்கு உதாரணம் காட்டினார். மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு அதை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

1908-ல் பழைய இஸ்ரவேல் தேசத்து ஊரான கேசேரில் ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. கி.மு. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு வருடம் முழுவதும் வேலைகளாகவே எழுதப்பட்டிருக்கிறது: விளைச்சலைச் சேர்க்க இரண்டு மாதம், விதைப்புக்கு இரண்டு, பின்விதைப்புக்கு இரண்டு, வாற்கோதுமை அறுக்க ஒன்று என்று போகிறது. வேதத்தை முதலில் கேட்டவர்கள் இப்படி நாள் எண்ணியவர்கள்.

கோதுமை வயலில் சத்துரு களை விதைத்ததாக இயேசு சொன்ன உவமையும் அப்படித்தான். அந்தக் களை கதிர் விடும்வரை கோதுமை மாதிரியே நிற்கும். வேர் கோதுமை வேரோடு பின்னிக்கொள்ளும். பிடுங்கினால் பயிரும் கூடவே வரும். விட்டுவைத்து, அதன் மணி மாவில் கலந்துபோனால் சாப்பிட்டவருக்குத் தலை சுற்றும். 'இரண்டையும் அறுப்புமட்டும் வளரவிடுங்கள்' என்று எஜமான் சொன்னது கருணையால் மட்டுமா? வயலைத் தெரிந்தவர் சொல்கிற சொல் அது.

சரி, இதுவரை சொன்னது விளக்கக் குறைதான். அதற்காக மட்டும் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் எடுக்காமலே விடுகிற பகுதிகள்தான் எனக்குப் பெரிய குறை.

நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடைமானம் வைத்துவிட்டோம், ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். கடன் கொடுத்தவர்களும் அதே யூதர்கள்தான். அதிபதியாக இருந்த நெகேமியா அவர்களை ஜெபிக்கச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பெரியவர்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டு, நிலத்தையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று ஆசாரியர்கள் முன்னால் ஆணையிட வைத்தார். நகைக்கடனிலும் கந்துவட்டியிலும் மாட்டியிருக்கும் ஒரு சபையில் இதைப் பிரசங்கிக்க இதைவிட நல்ல நாள் எது?

லேவியராகமம் 19-இல் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடச் சொல்லியிருக்கிறது. கதிர் பொறுக்க வந்த பரதேசி விதவை ரூத்துக்கு அது சலுகை அல்ல, சட்டம். வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் அதற்கு மேலேயும் போய், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடச் சொன்னார். மாலையில் அவள் தட்டி எடுத்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது. நீங்களோ ரூத்தின் கதையைப் பெரும்பாலும் கல்யாண வீட்டில்தான் சொல்கிறீர்கள்! வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் எழுதிய வசனம், பொறுமையைப் பற்றிய வசனத்துக்கு மூன்றே வசனம் முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பொறுமைக்கு வருகிறீர்கள்.

அப்புறம், காணிக்கையாக வந்த விளைச்சலை விடுகிற ஏலம். பண்டிகையன்று ஒரு வாழைத்தார் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகிறது, கை தட்டுகிறோம். அதே தோட்டத்துக்காரர் மறுநாள் சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குத் தாரை இறக்கிவிட்டு வருகிறார். ஏலம் எடுத்தவர்களில் சிலர் அவர் தோட்டத்தில் விலை பேசுகிறவர்கள்தான்.

நான் கேட்பது கொஞ்சம்தான். ஒரு வருடம் நெகேமியா 5, மறு வருடம் யாக்கோபு 5. ஏல வரவில் ஒரு பங்கை, நிலமில்லாமல் அறுப்புக்குப் போகிற குடும்பங்களுக்கு என்று கணக்கில் தனியாக எழுதுங்கள். பிரசங்கத்தை ஏலத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வைத்தால் எல்லாரும் பிரியாணிப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
விவசாயக் குடும்பத்துச் சபை அங்கத்தினர் ஒருவர்