விரலிடுக்கு காயட்டும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வாடை தொடங்கியும் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் வேலை குறையவில்லை என்று எழுதியிருந்தாய். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதை வாசித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் மூன்று மாதமாகியும் கால் ஆறவில்லை என்றாயே, அதுதான் மனதை உறுத்துகிறது. அதனால் இந்தக் கடிதம் முழுக்க உன் கால்தான்.

சின்ன விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில் தோல் வெள்ளையாக, தண்ணீரில் ஊறிய பாண் துண்டு போல இருக்கிறது, நிமிண்டினால் உரிந்து கீழே சிவந்த வெடிப்புத் தெரிகிறது என்கிறாய். சேற்றுப்புண் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் தொடங்கும். காற்றே போகாத நெருக்கமான இடம் அது. ஐஸ் உருகிய தண்ணீர் பூட்சுக்குள் மேலால் இறங்கும். றப்பர் வியர்வையையும் வெளியே விடாது. பன்னிரண்டு மணித்தியாலம் அப்படி ஊறினால் பங்கசு (பூஞ்சை) வளராமல் என்ன செய்யும்?

மருந்து பூசியும் திரும்பி வருகிறதென்றால் முதலில் அந்த டியூபை எடுத்துச் சின்ன எழுத்தை வாசி. பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது இருந்தால் அதை இன்றோடு நிறுத்து. அவை ஸ்டீரொய்டு. கடி (அரிப்பு) இரண்டு நாளில் அடங்கும், சிவப்பும் மறையும், ஆனால் தோலின் எதிர்ப்பு அடங்கிப்போவதால் பங்கசு உள்ளுக்குள் சுகமாகப் பரவும். கடையில் “கடிக்கு” என்று கேட்டால் இப்படியான கலவைக் கிறீம்தான் அடிக்கடி கைக்கு வருகிறது. எனக்கு இதில்தான் பெரிய கோபம்.

டெர்பினாபின் 1% என்று பெயர் சொல்லியே கேள். நாளுக்கு ஒரு தரம் இரவில் பூசு. விரலிடுக்குக்கு ஒரு கிழமை போதும் என்பார்கள். உன்னுடையது பழையது, இரண்டு கிழமை பூசு. அது கிடைக்காவிட்டால் குளோட்ரிமசோல் 1% வாங்கு. அது பங்கசின் வளர்ச்சியை அடக்கும் மருந்து. அதனால் காலை மாலை இரண்டு தரம், நாலு கிழமை பூசவேண்டும். கடி நின்றதும் கையை நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. புண் தெரிகிற இடத்தைத் தாண்டி இரண்டு சென்றிமீற்றர் சுற்றிலும் பூசு. பாதம் முழுக்கப் பூச, சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரையான நீளத்துக்குப் பிதுக்கிய கிறீம் இரண்டு வேண்டும், ஏறக்குறைய ஒரு கிராம். இரண்டு காலுக்கும் நாளுக்கு ஒரு தரம் அப்படிப் பூசினால் 15 கிராம் டியூப் ஒரு கிழமையில் முடிந்துவிடும். இடுக்குக்கும் அதைச் சுற்றியும் மட்டும் என்றால் கூடநாள் வரும்.

இடுக்கில் நீர் கசிந்தால் கிறீமுக்கு முன்னம் கொண்டிஸ் (பொட்டாசியம் பேர்மாங்கனேற்று) தண்ணீர். இளஞ்சூட்டு நீரில் கொண்டிஸ் மணிகள் இரண்டு மூன்று மட்டும் போட்டு, முழுதும் கரைந்து வெளிர் ரோசா நிறம் வந்ததும் 10 நிமிடம் காலை வை. கடும் ஊதாவாக இருந்தால் தோலைச் சுடும், கரையாத மணியும் சுடும். நகம் மண்ணிறமாகும், பயப்படாதே. கசிவு நின்றதும் இதை விட்டுவிடு. கன்னியா வெந்நீரூற்றில் காலை நனைத்தால் ஆறும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். போய் ஆசை தீரக் குளி. ஆனால் அந்தச் சூடு பங்கசைக் கொல்லாது.

மருந்து பாதி வேலைதான் செய்யும், மற்றப் பாதி பூட்ஸ். இரண்டு சோடி வைத்து மாறி மாறிப் போடு. கழற்றியதும் உள்தட்டை வெளியே எடுத்து, பத்திரிகைத் தாளைச் சுருட்டி நுனிவரை திணி. இரண்டு மணித்தியாலத்தில் ஈரத்தாளை மாற்றி, இரவு முழுக்க மின்விசிறிக்கு முன்னால் சரித்து வை. வாடையில் வெயிலை நம்பமுடியாது. வேலைக்கு மூன்று சோடி மேஸ் (காலுறை) கொண்டுபோ. சாப்பாட்டு நேரத்தில் கழற்றி, இடுக்கிடுக்காகத் துடைத்து, மெல்லிய கோஸ் துணித் துண்டொன்றை நாலாம் விரலிடுக்கில் செருகிவிட்டுப் புதிய மேசைப் போடு. பழைய மேசைக் கொதிநீரில் அலசு. பவுடரை வெடிப்புக்குள் கொட்டாதே, சேறாகிவிடும். அதை மேசுக்குள் தூவு. காலுக்குத் தனித் துவாய். உள்ளாடை போடுமுன் மேசைப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் காலில் இருப்பது தொடையிடுக்குக்கு ஏறும்.

இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசியும் மாற்றமில்லை என்றால் தோல் டாக்குத்தரிடம் போய்ச் சுரண்டிப் பார்க்கச் சொல். உள்ளங்காலில் குழிகுழியாக நாறினால் அது பக்ரீரியா. மேல்பாதத்தில் மட்டும் தடித்தால் றப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம். இரண்டுக்கும் இந்தக் கிறீம் பிடிக்காது. நகம் மஞ்சளாகித் தடித்திருந்தால் அங்கேயிருந்து திரும்பத் திரும்பத் தொற்றும். அதற்குக் குளிசை 12 கிழமை, ஈரல் இரத்தப் பரிசோதனையோடு.

உங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சலரோகம். ஆகவே வெறுவயிற்றில் சீனி பார். காய்ச்சலோடு புண்ணின் சிவப்பு கணைக்கால் வரை ஏறினால் முறை வேலையைப் பார்க்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

பத்தாம் நாள், பகல் வெளிச்சத்தில் அந்த இடுக்கைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்

பி.கு.: குளியலறை வாசலில் கிடக்கும் கால்மிதியை எல்லாருமே மிதிப்பீர்கள். அதையும் இந்தக் கிழமையே கொதிநீரில் போடு. பிள்ளைகளின் விரலிடுக்கையும் ஒருக்கால் பார்.